புத்தகத்தை மூடு... எங்கே, சொல்லு பார்க்கலாம்!

கேள்வி கேட்கும் நேரம் வந்தால் ஆசிரியை எழுந்து வகுப்பை விட்டு வெளியே போய்விடுவார். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ரிமோட் போன்ற ஒரு சின்னக் கருவி. திரையில் கேள்வி வரும், கீழே விடைகள் வரும், பொத்தானை அழுத்த வேண்டும். எல்லோரும் அழுத்தி முடித்த கையோடு சரியான விடை எது என்று திரையே காட்டிவிடும். மொத்தமே சில நிமிடங்கள்தான். மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது, அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதும் கிடையாது. முடிந்ததும் ஆசிரியை உள்ளே வருவார், பாடம் தொடரும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கொலம்பியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த பாட்ரிஸ் பெய்ன்தான் அந்த ஆசிரியை. எகிப்து, மெசபடோமியா, இந்தியா, சீனா என்று பழைய நாகரிகங்கள்தான் பாடம். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் இந்தப் பள்ளியைத் தேடி வந்தார்கள். தலைமையாசிரியர் ரோஜர் சேம்பர்லெயினுக்கு முதலில் ஒரு சந்தேகம். இது மனப்பாடத்தைக் கூட்டுகிற வேலையாக மட்டும் இருந்தால் தனக்கு அதில் ஆர்வமில்லை, பிள்ளைகள் அலசிப் பார்க்கவும் கற்றதைப் பயன்படுத்தவும் பழக வேண்டும் என்பது அவர் நிலை. பாடத்திட்டத்திலும் பாடநூலிலும் நடத்தும் முறையிலும் கை வைக்க மாட்டோம், அவ்வப்போது சிறு வினாக்கள் மட்டுமே என்ற பேச்சின் மேல் அனுமதி கிடைத்தது.

ஆசிரியை வெளியே போனதற்கும் காரணம் உண்டு. எந்தப் பகுதியிலிருந்து கேள்வி வருகிறது என்று தெரிந்துவிட்டால், தன்னையறியாமலே அவர் அந்தப் பகுதியை அழுத்தி நடத்திவிடக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

பாடம் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கில் இருந்து வினாக்கள் வந்தன: பாடம் தொடங்கும் முன் ஒருமுறை, நடத்தி முடித்த பின் ஒருமுறை, பெரிய தேர்வுக்கு ஒரு நாள் முன்பு ஒருமுறை. இன்னொரு பங்கு கேள்வியாக இல்லாமல் செய்தியாகத் திரையில் காட்டப்பட்டது. பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டார்கள். மூன்றாவது பங்குக்கு எதுவும் செய்யவில்லை. பெரிய தேர்வு வந்தது. கேள்வி கேட்கப்பட்ட பகுதியில் பிள்ளைகள் ஒரு முழு கிரேடு கூடுதலாக எடுத்திருந்தார்கள். திருப்பிப் படிக்கவைத்த பகுதியோ, ஒன்றுமே செய்யாமல் விட்ட பகுதியை விட ஒரு துளியும் உயரவில்லை!

பிறகு எட்டாம் வகுப்பு அறிவியலிலும் இதையே செய்து பார்த்தார்கள். மரபியல், பரிணாமம், உடற்கூறு ஆகியவை பாடம். கேள்வி கேட்காத பகுதியில் சராசரி 79 விழுக்காடு. கேட்ட பகுதியில் 92. அந்த வித்தியாசம் எட்டு மாதம் கழித்து வந்த ஆண்டிறுதித் தேர்விலும் கரையாமல் இருந்தது. தமிழ்நாட்டில் 79-க்கும் 92-க்கும் நடுவில் எத்தனை டியூஷன் சென்டர்கள் பிழைக்கின்றன என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படிக்கப் படிக்கத் தெரிந்தது போலவே இருக்கும்

திருப்பிப் படித்தால் ஏன் நிற்பதில்லை? இதற்கான தெளிவான விடை, அதே பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. கல்லூரி மாணவர்களிடம் சூரியன், கடல் நீர்நாய் போன்ற சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக ஒருவர் கட்டுரையைப் பதினான்கு முறை படித்து முடித்தார். இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது. அந்தச் சுற்றில் மூன்று, மூன்றரை முறைக்கு மேல் கண்ணில் படவில்லை. அதன்பின் மூன்று சுற்றும் தாளை மூடி வைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பதினான்கு முறை படித்தவர்களுக்கே வெற்றி: 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் போனது. படித்தவர்கள் 40-க்கு இறங்கியிருந்தார்கள். மூடி வைத்து எழுதியவர்கள் 61-ல் நின்றார்கள்.

இதைவிட யோசிக்க வைக்கிற செய்தி ஒன்று அந்த ஆய்வில் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பேசியது பதினான்கு முறை படித்த குழுதான். காரணம் எளிது. நான்காவது முறை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன, வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகிறது, அந்தப் பழக்கத்தை மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வறையில் பையன் உட்கார்ந்து, "தெரியும் சார், வாயில வரமாட்டேங்குது" என்று தவிப்பது பொய்யில்லை. பரணில் ஏற்றிய பாத்திரம் போல அது உள்ளே எங்கோ கிடக்கிறது. ஏற்றி வைக்கத்தான் பழகியிருக்கிறான், இறக்கப் பழகவில்லை.

ரோடிகரும் கார்பிக்கியும் இன்னொருவரோடு சேர்ந்து 2009-ல் 177 கல்லூரி மாணவர்களிடம், எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். திருப்பித் திருப்பிப் படிப்பதாகச் சொன்னவர்கள் 84 விழுக்காடு. மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 விழுக்காடு. அமெரிக்காவின் கெட்டிக்கார மாணவர்கள் சேரும் பல்கலைக்கழகத்திலேயே இதுதான் கதி. ஹைலைட்டர் பேனாவால் பக்கத்தை மஞ்சளாக்கும் பழக்கமும் இந்த வகைதான். ஜான் டன்லோஸ்கி குழு 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, கோடு போடுவதும் திருப்பிப் படிப்பதும் கடைசி வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது என்ற இரண்டுக்கு மட்டுமே முதல் தரம் கிடைத்தது.

கடலையும் மூங்கிலும்

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே மறதியை அளந்து புத்தகம் போட்டார். பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, நாள் கடந்து மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்த்தார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. மறதியின் பெரும் சரிவு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது.

1917-ல் ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் போனார். பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொடுத்து, சிலரை முழு நேரமும் படிக்கச் சொன்னார். மற்றவர்களை, நேரத்தில் ஒரு பகுதியைத் தாளில் இருந்து தலையைத் தூக்கி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதற்குச் செலவிடச் சொன்னார். நேரத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைச் சொல்லிப் பார்ப்பதற்கே கொடுத்தவர்கள் முந்தினார்கள். பாதிக்கு மேல்! எந்த வீட்டிலாவது பிள்ளை புத்தகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு பாதி நேரம் உட்கார்ந்திருந்தால் அம்மா சும்மா விடுவாரா என்பது வேறு விஷயம்.

அடுத்தது 1939. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரை ஈடுபடுத்தி ஒரு பெரும் ஆய்வு செய்தார். நிலக்கடலை பற்றி ஒன்று, மூங்கில் பற்றி ஒன்று என ஏறக்குறைய 600 சொற்களில் இரண்டு கட்டுரைகள். படித்ததும் ஒரு குழுவுக்குத் தேர்வு, மற்றக் குழுக்களுக்கு வெவ்வேறு நாள்களில், இரண்டு மாதம் கழித்துக் கடைசித் தேர்வு. முதல் தேர்வு தள்ளிப்போகப் போக மறதி கூடியது. ஒரு தேர்வை எழுதிவிட்ட பிள்ளையிடம் மறதி ஏறக்குறைய அங்கேயே நின்றுபோனது. மறதிக்கு வேலி போடும் வேலையைத் தேர்வே செய்கிறது என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உலகம் தேர்வைப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டது. ஸ்பிட்சரின் ஆய்வு பல பத்தாண்டுகள் நூலகத்தில் தூங்கியது.

ஒப்பித்த ஊர்

தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்தி அன்னியமில்லை. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்த நன்னூல், மாணவன் எப்படிக் கற்க வேண்டும் என்றும் பேசுகிறது. ஆசிரியர் சொல்லக் கேட்பது அதில் ஒரு பகுதிதான். கேட்டதைத் தானே மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும், உடன் கற்போரோடு பழகிப் பயில வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று அதை இயற்றிய பவணந்தி முனிவர் அடுக்கிக்கொண்டே போகிறார்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இது அன்றாடப் பழக்கமாகவே இருந்தது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் அந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விடிவதற்கு முன்பே பிள்ளைகள் வந்து பழைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். அதற்கு முறை சொல்வது என்று பெயர். சின்னவர்கள் ஒப்பிப்பதைக் கேட்கச் சட்டாம்பிள்ளை இருந்தார். மாலையில் பள்ளி விடும்போது வாத்தியார் ஆளுக்கொரு பூவின் பெயர், ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலை வந்ததும் அதைக் கேட்பதும் உண்டு. ஓர் இரவு இடைவெளி விட்டு நினைவுபடுத்தவைக்கும் இந்தச் சின்ன வேலையை இன்றைய ஆய்வாளர் பார்த்தால் குறிப்பெடுத்துக்கொள்வார்.

குறிப்பெடுத்த ஒருவர் அன்றே இருந்தார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மணலில் எழுதுவதையும், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித் தருவதையும் தன் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடக்கிறது.

இதை வைத்து 'எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே' என்று மார்தட்ட வேண்டாம். அதே திண்ணையில்தான் பிரம்பும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தன. பொருள் தெரியாமல் நெட்டுருப் போட்டதும் அங்கேதான். அந்த இரட்டை மரபு இன்னும் விடவில்லை. நம் பள்ளிகளில் 'ஸ்லிப் டெஸ்ட்' இல்லாத வாரம் உண்டா? அரைத் தாளைக் கிழித்து ஐந்து கேள்விக்கு விடை எழுதும் அந்தச் சின்னத் தேர்வு, கொலம்பியா பள்ளியில் நடந்ததற்கு மிக நெருக்கமான உறவு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மதிப்பெண் நோட்டில் ஏறுகிறது. குறைந்தவர் பெயர் வகுப்பில் வாசிக்கப்படுகிறது. தப்பான விடையைப் பத்து முறை எழுது என்று இம்போசிஷன் வருகிறது. பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதும்போது கைதான் வேலை செய்கிறது. முதல் தடவையே பார்க்காமல் முயன்று, தவறி, திருத்திக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் பலன் அந்தப் பத்திலும் கிடைப்பதில்லை. கையில் நல்ல கருவியை வைத்துக்கொண்டே அதைத் தண்டனையாக மாற்றிவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

மனப்பாடம்தானே இது?

தலைமையாசிரியர் சேம்பர்லெயின் எழுப்பிய சந்தேகம் நியாயமானது. நினைவில் வைப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்றுதான் இங்கேயும் கல்வியாளர்கள் சொல்வார்கள்.

2011-ல் கார்பிக்கியும் ஜேனல் பிளண்ட்டும் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு அறிவியல் பாடத்தைப் பார்த்து, கருத்துகளைக் கட்டம் கட்டி அம்புக்குறியால் இணைத்து வரைபடம் போட்டது. புரிதலுக்கு உகந்த வழி என்று பெயர் வாங்கிய முறை அது. இன்னொரு குழு படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், பாடத்தில் நேராக விடை உள்ள கேள்விகளில் மட்டுமின்றி, யோசித்து முடிவுக்கு வர வேண்டிய கேள்விகளிலும் மூடி வைத்து எழுதியவர்களே மேல். கடைசித் தேர்வாக வரைபடமே போடச் சொன்னபோதும் அவர்கள்தான் முந்தினார்கள்.

ஆனால் கேட்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். ஆண்டு, பெயர், சூத்திரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் யோசிக்கும் திறன் தானாக வளர்ந்துவிடாது. கொலம்பியா பள்ளி ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்த பூஜா அகர்வால் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நேரடிக் கேள்விகளோடு 'ஏன்', 'எப்படி' வகைக் கேள்விகளையும் கலந்து கேட்டபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். 'அசோகர் எந்தப் போருக்குப் பின் மனம் மாறினார்?' என்று கேட்கும் ஆசிரியர், அதோடு நிறுத்தாமல் 'அந்தப் போரில் அவர் தோற்றிருந்தால்?' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சின்னக் குழந்தைகள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கார்பிக்கி குழு 2014-ல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பாடத்தைக் கொடுத்து, 'நினைவில் இருப்பதையெல்லாம் எழுது' என்றது. பிள்ளைகள் கொஞ்சமே எழுதினார்கள், பலனும் பெரிதாக இல்லை. பாதி நிரப்பிய வரைபடத்தைக் கொடுத்து, விட்ட இடங்களை நினைவிலிருந்து நிரப்பச் சொன்னபோது நிலைமை மாறியது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒரு கைப்பிடி வேண்டும். முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது, படத்தைக் காட்டிக் கேட்பது எல்லாம் இதில் அடங்கும்.

ஆசிரியர்களுக்கு இதற்காகப் பெரிய செலவோ கருவியோ தேவையில்லை. பெய்னும் அகர்வாலும் 2019-ல் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் சொல்லும் வழிகள் மிகச் சாதாரணமானவை. பாடத்தின் நடுவில் நிறுத்தி, இதுவரை கேட்டதில் இரண்டு விஷயத்தை எழுதச் சொல்லலாம். வெள்ளைத் தாளில் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தாளோடு ஒப்பிடச் சொல்லலாம். போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வியோடு வகுப்பைத் தொடங்கலாம். ஒன்றே ஒன்று கட்டாயம்: ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டுவிட்டு மற்ற நாற்பது பேரையும் வேடிக்கை பார்க்க விடக்கூடாது. எல்லோரும் எழுத வேண்டும். பிறகு சரியான விடை என்ன என்பதையும் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். விடை சொல்லாமல் விட்டால், தவறாக நினைத்ததே மனதில் ஊறிவிடும் ஆபத்து உண்டு, முக்கியமாகச் சரியானதைத் தேர்ந்தெடு வகைக் கேள்விகளில்.

பயம்? அதிலும் ஒரு வியப்பு. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் மிரள்வார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1,408 பேரிடம் அகர்வால் குழு கேட்டு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பழக்கத்தால் தேர்வுப் பதற்றம் குறைந்தது என்று 72 விழுக்காட்டினர் சொன்னார்கள். மதிப்பெண் இல்லாத கேள்விக்குப் பலமுறை தவறாகச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, மதிப்பெண் உள்ள கேள்வி பூதமாகத் தெரிவதில்லை போலும்.

வீட்டில் என்ன செய்யலாம்

"கண்ணு, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடத்தினாங்க?"

"ஒண்ணுமில்ல."

தமிழ் வீடுகளில் மாலைதோறும் நடக்கும் இந்த உரையாடலில் பிழை பிள்ளையுடையது மட்டுமல்ல, கேள்வி அவ்வளவு அகலம். "செடி சோறாக்குதுன்னு நேத்து சொன்னியே, அதுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டால் பையன் யோசிப்பான். சூரிய ஒளி வரும், தண்ணீர் வரும், மூன்றாவது வராது. அங்கே அம்மா உடனே எடுத்துக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் திணறலில்தான் பலன் இருக்கிறது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியார்க். கற்பவருக்கு நன்மை தரும் இப்படிப்பட்ட சிரமங்களைப் பற்றி 1990-களிலிருந்தே அவர் எழுதிவருகிறார். அம்மா பத்தாவது தாண்டாதவராக இருந்தாலும் தடையில்லை. புத்தகத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

எப்போது கேட்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. நிக்கோலஸ் செபேடா குழு 2008-ல் 1,350-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு மாதம் நினைவிருக்க வேண்டியதைப் பத்து நாள் அளவில் இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பதும், ஒரு வருடம் நிற்க வேண்டியதை மூன்று வாரம் அளவில் இடைவெளி விட்டுப் பார்ப்பதும் அதிகப் பலன் தந்தன. நம் கணக்கில், ஜூலையில் முடித்த பாடத்தை ஆகஸ்டில் ஒருமுறை மூடி வைத்துச் சொல்லிப் பார்க்காமல், நேராகப் பிப்ரவரி ரிவிஷனில் போய்த் திறப்பது ஏறக்குறைய புதிதாகப் படிப்பதற்குச் சமம்.

கணக்கு வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஜெர்மானியர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் ஒரு வழி சொன்னார். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை என்று சின்ன அட்டைகள். அவற்றைப் போட நான்கைந்து அறைகள் கொண்ட பெட்டி. பழைய செருப்பு டப்பாவில் தடுப்பு வைத்தாலும் சரி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இனித் தாமதமாக எடுத்தால் போதும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும், நாளைக்கே மறுபடி கேட்கப்படும். திணறும் பாடத்துக்கு அதிக நேரமும் தெரிந்த பாடத்துக்குக் குறைந்த நேரமும் தானாகவே ஒதுங்கிவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அட்டையைத் திருப்பும் முன் பிள்ளை விடையை வாய்விட்டுச் சொல்கிறதா என்பதை. திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்ப்பா" என்று அடுத்த அட்டைக்குத் தாவுவதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.